'பேச வாங்க... கைதட்ட மாட்டோம்!' - ஆட்டிசம் உள்ளவர்களின் மாநாட்டு மேடையில் ஏறுவது எப்படி?

பேச்சு முடிகிறது. அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. மேடையில் நிற்பவர் புதியவராக இருந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். 'சொதப்பிட்டோமோ?' என்று நிமிர்ந்து பார்த்தால், எதிரே வரிசை வரிசையாகக் கைகள் தலைக்கு மேலே உயர்ந்திருக்கின்றன. விரல்கள் காற்றில் படபடக்கின்றன. முகங்களில் சந்தோஷம். அதுதான் அங்கே கைதட்டல்!

காது கேளாதோர் பல காலமாகப் பாராட்டும் முறை இது. ஆட்டிசம் உள்ளவர்கள் கூடும் பல கூட்டங்களிலும் இதையே பின்பற்றுகிறார்கள். காரணம் எளிமையானது. நமக்கு உற்சாகம் தரும் கைதட்டல், அவர்களில் பலருக்குக் காதில் அறைவது போன்ற வலி. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழக மாணவர் சங்கம் 2018-ல் தன் கூட்டங்களில் இப்படிக் கையசைத்துப் பாராட்டலாம் என முடிவெடுத்தபோது, உலகம் முழுக்க அதைக் கிண்டலடித்தவர்கள் உண்டு. ஆனால், அந்தச் சத்தத்துக்குப் பயந்தே வாழ்நாள் முழுக்க அரங்குகளுக்கு வெளியே நின்றவர்களுக்கு அது கிண்டல் விஷயமில்லை.

ஆட்டிசம் பற்றிய மாநாடுகள் உலகமெங்கும் நடக்கின்றன. டாக்டர்கள் பேசுவார்கள், தெரபிஸ்ட்கள் பேசுவார்கள், பெற்றோர் கண்ணீரோடு குறிப்பெடுப்பார்கள். ஆட்டிசம் உள்ளவர்களே, ஆட்டிசம் உள்ளவர்களுக்காக நடத்தும் மாநாடு வேறு வகை. அந்த மேடையில் பேச யார் விண்ணப்பிக்கலாம், என்ன எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது? இந்தக் கேள்விகளுக்கான பதில்கள், மாநாட்டுக்கே போகாத பெற்றோருக்கும் பயன்படும்.

காட்சிப்பொருளாக வேண்டாம்!

எண்பதுகளின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த ஆட்டிசம் மாநாடுகளுக்கு, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சிலர் போக ஆரம்பித்தார்கள். பேசவும் அழைத்தார்கள். ஆனால், எதைப் பேச? 'உங்கள் சின்ன வயது எப்படி இருந்தது, ஏன் அப்படிச் செய்தீர்கள், உங்களுக்கு வலித்ததா' என்று தன் கதையைச் சொல்ல மட்டும்தான். கொள்கை, சிகிச்சை, ஆராய்ச்சி எல்லாம் மற்றவர்கள் பேசுவார்கள். வாழ்ந்தவர் அனுபவம் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். முன்பின் தெரியாதவர்கள்கூட அந்தரங்கமான கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேட்பார்கள். அரங்கத்தின் விளக்கு வெளிச்சமும் வாசனைத் திரவியமும் கூட்டமும் தரும் வேதனை தனி.

இந்த அனுபவத்தில் வெந்தவர்களில் ஒருவர் ஜிம் சின்க்ளேர். ஆஸ்திரேலிய எழுத்தாளர் டோனா வில்லியம்ஸ், அமெரிக்கரான கேத்தி கிராண்ட் ஆகியோருடன் சேர்ந்து 1992-ல் 'ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பை அவர் தொடங்கினார். ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் அமைப்பு. அடுத்த ஆண்டு, 1993-ல் கனடாவின் டொரன்டோவில் நடந்த சர்வதேச மாநாட்டில் பெற்றோரைப் பார்த்து சின்க்ளேர் பேசிய பேச்சு, இன்றுவரை ஆட்டிசம் உரிமை இயக்கத்தின் தொடக்கப்புள்ளியாகக் கருதப்படுகிறது.

அவர் சொன்னதன் சாரம் இதுதான்: நீங்கள் அழுவது, பிறக்கும் என்று எதிர்பார்த்து, பிறக்காமல் போன ஒரு குழந்தைக்காக. அந்தத் துக்கம் நிஜம்தான். ஆனால், அதற்கும் உங்கள் மடியில் இருக்கும் குழந்தைக்கும் சம்பந்தமில்லை. ஆட்டிசம் என்பது ஓர் ஓடு அல்ல. அதை உடைத்தால் உள்ளே 'நார்மல்' குழந்தை ஒன்று ஒளிந்திருக்கப் போவதில்லை. இந்தக் குழந்தைக்காக அழாதீர்கள், இந்தக் குழந்தைக்கு வேண்டியதைச் செய்யுங்கள்.

அரங்கில் இருந்த பெற்றோருக்கு அது கேட்கக் கசப்பான பேச்சாகத்தான் இருந்திருக்கும். ஆனால், ஆட்டிசம் உள்ள ஒருவர் பெற்றோர் முன் நின்று, தன் கதையைச் சொல்லாமல், தன் கருத்தைச் சொன்னார். மாற்றம் அங்கேதான்.

அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1996-ல், 'ஆட்ரீட்' என்ற பெயரில் அவர்கள் தங்களுடைய சொந்த முகாமை நியூயார்க் மாநிலத்தில் நடத்தினார்கள். அதைப் பார்த்து பிரிட்டனில் 2005-ல் 'ஆட்ஸ்கேப்' தொடங்கியது. சில நாள்கள் ஒரே இடத்தில் தங்கி, பேசி, கேட்டு, வேண்டுமென்றால் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு வரும் கூடுகை அது. ஆட்டிசம் இல்லாதவர்களும் வரலாம். ஆனால், வீடு அவர்களுடையது, நாம் விருந்தாளி. விருந்தாளிதான் வீட்டு வழக்கத்துக்கு ஏற்ப நடந்துகொள்ள வேண்டும்.

சிவப்பு, மஞ்சள், பச்சை

அந்த வீட்டு வழக்கங்களில் அழகானது, வண்ண பேட்ஜ். ஆட்ரீட் முகாமில் பிறந்த யோசனை இது. கழுத்திலோ சட்டையிலோ ஒரு வண்ண அட்டை. சிவப்பு என்றால், 'இப்போது யாரும் என்னிடம் பேச வேண்டாம்'. மஞ்சள் என்றால், 'எனக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம்'. பச்சை என்றால், 'பேச ஆசைதான், ஆனால் எனக்கு ஆரம்பிக்கத் தெரியவில்லை, நீங்களே வந்து பேசுங்கள்'.

நம் ஊர்க் கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். 'என்ன, உம்முன்னு இருக்கே? மாமாகிட்ட பேசு' என்று விரட்டப்படும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் சட்டையில் ஒரு மஞ்சள் அட்டை இருந்தால் எவ்வளவு நிம்மதி!

சத்தமில்லாத ஓய்வு அறை, சென்ட் போட்டு வராதீர்கள் என்ற வேண்டுகோள், அனுமதி கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது, ஃபிளாஷ் கூடாது... இப்படி இன்னும் சில விதிகளும் இத்தகைய கூடுகைகளில் உண்டு. பேச வருபவருக்கும் இவை பொருந்தும்.

கதை கடத்தும் விளையாட்டு

'அவர்களுக்கு மற்றவர்களோடு பேசிப் பழகவே வராதே, மாநாடு எப்படி நடத்துவார்கள்?' என்று கேட்கத் தோன்றுகிறதா? பலருக்கும் தோன்றும் கேள்விதான். இதற்கு ஆராய்ச்சியாளர்களிடம் ஒரு பதில் இருக்கிறது.

டேமியன் மில்ட்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 2012-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். இவரும் ஆட்டிசம் உள்ளவர். 'ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனசு புரியவில்லை என்கிறீர்கள். அவர் மனசு உங்களுக்குப் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும்தானே இருக்கிறது, குறையை மட்டும் ஏன் ஒருவர் தலையில் கட்டுகிறீர்கள்?' என்பதுதான் அந்தக் கருத்தின் அடிப்படை.

2020-ல் எடின்பரோ ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாம் சின்ன வயதில் காதோடு காதாக ரகசியம் சொல்லி விளையாடுவோமே, அதே விளையாட்டு. 72 பேர், எட்டு எட்டுப் பேராக ஒன்பது சங்கிலிகள். சிலவற்றில் எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்கள். சிலவற்றில் யாருக்கும் இல்லை. மற்றவற்றில் மாற்றி மாற்றிக் கலந்தவர்கள். முதல் ஆளிடம் ஒரு கதை சொல்லப்பட்டது; அவர் அடுத்தவரிடம் சொல்ல வேண்டும்.

முடிவு? ஆட்டிசம் உள்ளவர்களின் சங்கிலியும், இல்லாதவர்களின் சங்கிலியும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கதையைக் காப்பாற்றின. கலந்த சங்கிலியில்தான் கதை வேகமாகத் தொலைந்தது. சிக்கல் ஒரு தனி மனிதரின் மூளைக்குள் மட்டும் இல்லை, இரண்டு வகை மனிதர்களுக்கு நடுவிலும் இருக்கிறது என்று புரிந்தது.

தங்களைப் போன்றவர்கள் நிறைந்த அரங்கில் பேசுவது அவர்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதும் இதிலிருந்து விளங்கும். வாழ்க்கை முழுக்க மொழிபெயர்த்துப் பேசியே களைத்தவருக்கு, ஒரே ஒரு நாள் தாய்மொழியில் பேசக் கிடைத்தால் எப்படி இருக்கும்!

ஓர் அம்மாவின் விண்ணப்பம்

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். புரிந்துகொள்ள வசதியாக, பர்மிங்ஹாமில் வசிக்கும் ஒரு தமிழ் அம்மாவைக் கற்பனை செய்துகொள்வோம். மகனுக்கு 17 வயது. ஆட்டிசம் உண்டு. பேசுவான், ஆனால் அளந்துதான் பேசுவான். 'பேச்சாளர்கள் விண்ணப்பிக்கலாம்' என்ற அறிவிப்பைப் பார்த்த அம்மா, அன்றிரவே எழுத உட்காருகிறார். தலைப்பு: 'என் மகனை நான் மீட்டெடுத்த கதை'.

கண்ணீரும் உழைப்பும் கலந்த கதைதான். பெற்றோர் மாநாட்டில் எல்லோரும் எழுந்து நின்று பாராட்டியிருப்பார்கள். இங்கே பெரும்பாலும் நிராகரிக்கப்படும். ஏன்?

அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த அம்மாவின் இடத்தில் இல்லை, மகனின் இடத்தில் இருக்கிறார்கள். 'மீட்டெடுத்தேன்' என்றால், எதிலிருந்து? அவர்கள் எதுவாக இருக்கிறார்களோ அதிலிருந்தா? விண்ணப்பம் எழுதும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வெளியே போகும் ஆட்டிசம் உள்ளவருக்கு, கையில் என்ன மிஞ்சும்? ஆட்டிசம் பற்றி அவர்களுக்கே பாடம் எடுக்கத் தேவையில்லை. வேலைக்கான இன்டர்வியூவை எப்படிச் சமாளிப்பது, வீட்டு வாடகை, நட்பு, தூக்கம், வயதான பிறகு வாழ்க்கை, நாய் வளர்ப்பது, வானியல்... அவர்கள் வாழ்க்கைக்குப் பயன்படும், அல்லது ரசிக்கத்தக்க எதுவும் தலைப்பாகலாம்.

இரண்டாவது கேள்வி இன்னும் கடினம். இது யாருடைய கதை? அம்மா எழுதியதில் ஒரு சம்பவம் வருகிறது. மகனுக்கு ஒன்பது வயதில், பஸ் ஸ்டாப்பில், கூட்டத்தின் நடுவே அவன் நிலைகுலைந்து கத்திய நாள். நம் கற்பனை அம்மா எழுதியதை மகனிடம் படித்துக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவன் கேட்டுவிட்டுச் சொல்கிறான்:

"பஸ் ஸ்டாப் விஷயத்தைச் சொல்லாதம்மா."

"ஏன் கண்ணா? அதுதான் எல்லாருக்கும் மனசுல நிக்கும்."

"எனக்கும் நிக்குதும்மா. அதனாலதான்."

எட்டு வருடமாக அந்த நாளை அம்மா பலரிடம் சொல்லியிருக்கலாம். அவனிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டபோது பதில் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்படுமோ இல்லையோ, அந்த வீட்டில் ஒரு விஷயம் ஏற்கெனவே நடந்துவிட்டது.

பிறகு அவன் சொல்லலாம்: "பஸ் டைம்டேபிள் எல்லாம் மனப்பாடம் பண்ணுவேன்ல, அது ஏன்னு நான் சொல்றேன்." இப்போது தலைப்பு மாறுகிறது: 'அட்டவணை தரும் நிம்மதி - பஸ்ஸில் தனியாகப் போகக் கற்றுக்கொண்ட விதம்'. பேசுபவர் மகன். உதவிக்கு அம்மா. இது ஏற்கப்பட வாய்ப்புள்ள விண்ணப்பம்.

படிவத்தில் என்ன எழுதணும்?

ஒவ்வொரு மாநாட்டுக்கும் படிவம் மாறும். பொதுவாகக் கேட்பவை இவை.

தலைப்பு: புதிராக வேண்டாம், நேரடியாக இருக்கட்டும். 'இருளிலிருந்து ஒளிக்கு' என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வார்த்தைக்கு வார்த்தை பொருள் கொள்பவர்கள் நிறையப் பேர் இருக்கும் அரங்கு அது. தலைப்பில் சொன்னதைப் பேச்சில் கொடுக்க வேண்டும்.

சுருக்கம்: நிகழ்ச்சி நிரலில் அச்சாகும் பகுதி. என்ன பேசப்போகிறீர்கள், எந்த வரிசையில், எதைப் பேச மாட்டீர்கள் என்று எழுதுங்கள். முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவர்களில் பலருக்குச் சௌகரியம் மட்டுமல்ல, வருவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் விஷயம். கொடுமை, மரணம், தற்கொலை போன்றவை பேச்சில் வந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வடிவம்: உரையா, கலந்துரையாடலா, கையால் செய்து பார்க்கும் பயிற்சியா? 'எல்லோரும் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்' வகை விளையாட்டுகள் இங்கே எடுபடாது. பங்கேற்பது விருப்பம்தான், வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று எழுதினால் நல்லது.

உங்களைப் பற்றி: பட்டங்களின் பட்டியலைவிட, இந்த விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்பது முக்கியம். உங்களுக்கு ஆட்டிசம் உண்டா, நீங்கள் பெற்றோரா, ஆராய்ச்சியாளரா என்பதை மறைக்காமல் சொல்வது மரியாதை. 'ஆட்டிஸ்டிக்' என்றே தங்களை அழைத்துக்கொள்ள விரும்புபவர்கள் அங்கே அதிகம். அது தங்களிடமிருந்து பிரிக்க முடியாத அடையாளம் என்பது அவர்கள் வாதம். யாரை எப்படி அழைப்பது என்பதை அவர்களிடமே கேட்டுவிடலாம்.

உங்கள் தேவைகள்: பலரும் காலியாக விட்டுவிடும் கட்டம் இது. மைக் சத்தம் தாங்காதா, உட்கார்ந்து பேச வேண்டுமா, கேள்விகள் எழுத்தில் வந்தால் நல்லதா, நடுவில் ஐந்து நிமிடம் நிறுத்த வேண்டுமா... எழுதுங்கள். 'தொந்தரவு கொடுக்கிறோமோ' என்று தயங்க வேண்டாம். இப்படிக் கேட்டுப் பழகாதவர்களுக்காகவே உருவான இடம் அது.

இன்னொன்று. 'பேச' விண்ணப்பிக்க, வாயால் பேச வேண்டும் என்பதில்லை. டைப் செய்ததைக் கருவி வாசிக்கலாம். எழுதிக் கொடுத்ததை நண்பர் படிக்கலாம். முன்கூட்டியே பதிவு செய்த வீடியோவை ஓடவிட்டு, பேச்சாளர் ஓரமாக உட்கார்ந்து கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தரலாம். என்ன முறை என்பதை விண்ணப்பத்திலேயே அமைப்பாளர்களிடம் பேசிவிடுவது நல்லது.

'மன்னிக்கவும்' என்று பதில் வந்தால்?

இடம் குறைவு, விண்ணப்பங்கள் அதிகம் என்பதால் நிராகரிப்பு சகஜம். ஆனால், சின்ன நிராகரிப்பும் பெரிய அடியாக விழும் மனசு பலருக்கு. வீட்டில் பிள்ளையோ, தங்கையோ, கணவரோ விண்ணப்பிக்கிறார் என்றால், அனுப்பும் நாளிலேயே இரண்டு முடிவுகளையும் பற்றிப் பேசிவைப்பது நல்லது. 'எந்தத் தேதிக்குள் பதில் வரும்' என்று கேட்டு காலண்டரில் குறித்துவைத்தால், தினம் தினம் மெயிலைத் திறந்து பார்த்துத் தவிப்பது குறையும்.

செலவையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இத்தகைய கூடுகைகளைப் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். பேச்சாளருக்குத் தங்கும் கட்டணத்தில் சலுகை உண்டா, பயணச் செலவு யாருடையது என்பதைத் தெளிவாகக் கேட்பது தப்பில்லை. சுற்றி வளைக்காமல் நேரடியாகக் கேட்டால் முகம் சுளிக்காத இடம் உலகத்தில் ஒன்று உண்டென்றால், அது இதுதான்!

பேசிய பிறகு? களைப்பு வரும். ஒரு நாள் முழுக்க அறையை விட்டு வராமல் இருக்கத் தோன்றலாம். 'நல்லாத்தானே பேசினே, இப்ப என்ன ஆச்சு?' என்று கேட்காதீர்கள். திரும்பி வந்ததும் ஓய்வுக்கு ஒரு நாளைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

நம் பள்ளி மேடைகளில்...

இந்தியாவில் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 2-ம் தேதி, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு தினம் வரும். நம் ஊர்ப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் மேடை போடுவார்கள். சிறப்பு விருந்தினர் பேசுவார், டாக்டர் பேசுவார், பெற்றோர் சார்பில் ஒருவர் பேசுவார். குழந்தைகள் ஒரு பாட்டுக்கு ஆடுவார்கள். பலத்த கைதட்டல். ஆடிய பிள்ளைகளில் சிலர் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

அடுத்த ஏப்ரலில் அந்த மேடையில் பத்து நிமிடத்தை ஒதுக்கி, ஆட்டிசம் உள்ள இளைஞர் ஒருவரிடம், 'நீங்கள் எதைப் பற்றிப் பேச விரும்புகிறீர்கள்?' என்று ஒரு மாதம் முன்பே எழுத்தில் கேட்டுப் பார்க்கலாம். அவர் ஆட்டிசத்தைப் பற்றியே பேசாமல், ரயில் இன்ஜின்களைப் பற்றிப் பேசலாம். பேசட்டும். டைப் செய்து காட்டலாம். காட்டட்டும். 'இல்லை, விருப்பமில்லை' என்று பதில் வரலாம். அதுவும் அவர் பேசியதுதான்.

அவர் பேசி முடித்ததும், கைகளைத் தலைக்கு மேலே உயர்த்தி விரல்களை அசையுங்கள். சத்தம் வராது, அவருக்குப் புரிந்துவிடும்.